பாலத்தின் மேல் உப்பு மூடைகள்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி மாதப் பிற்பகலில், தூத்துக்குடிக்கு வெளியே முத்தையாபுரம் பக்கம் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது இது. நான் ஆர்க்கிடெக்ட். வீடு, கடை, ஒன்றிரண்டு கல்யாண மண்டபம் என்று வரைந்துகொண்டிருந்தவளுக்கு, கட்டடக்கலை படிக்கிற மாணவர்களுக்கே கட்டடம் வரைந்து கொடுக்கும் வேலை கிடைத்தது. சமையல்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சமைக்கப் போன கதைதான். ஆளுக்கொரு குறை சொல்வார்கள் என்று தெரிந்தேதான் போனேன்.

அங்கே ஒரு ஓடை. அதன் இரண்டு கரையிலும் அவர்களுடைய பழைய வகுப்புக் கட்டடங்கள். நடுவில் ஒரு பெரிய வரைகூடம் வேண்டும் என்றார்கள். அந்தக் கூடத்தையே ஓடைக்கு மேல் பாலமாகப் போட்டுவிடலாம் என்றேன். ஓடைக்குள் ஒரு தூண்கூட இருக்காது. இரண்டு பக்கச் சுவர்களும் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டிய மரச்சட்டங்கள். அவைதான் மொத்தப் பாரத்தையும் தாங்கிக் கரைக்குக் கொண்டுபோகும். பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து வரையலாம், அப்படியே நடந்து அடுத்த கரைக்கும் போகலாம். நம் துறைமுகத்தில்தான் கப்பல் கப்பலாக மரம் வந்து இறங்குகிறதே, அது எல்லாம் கதவுக்கும் கட்டிலுக்குமா போக வேண்டும் என்று எனக்கு ஒரு ஆதங்கம்.

அப்பாவுக்கு அந்த ஆதங்கம் புரியவில்லை. அவர் உப்பளக்காரர். வேலை நடக்கும்போது ஒரே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, "கட்டில் செய்யுத மரத்துல காலேஜ் கட்டுதியே" என்று சொல்லிப் போய்விட்டார். நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பல்கலைக்கழகத்து இன்ஜினீயருக்கு வேறு பயம். பாரம் ஏற்றிச் சோதித்துக் காட்டாமல் ஒரு பிள்ளையைக்கூட உள்ளே விட மாட்டேன் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். கூரை போடுவதற்கு முன்பே தளம் முழுக்க மூடைகளை அடுக்கி, ஒரு நாள் அப்படியே விட்டு வைப்பது என்று முடிவாயிற்று. பாலத்தின் நடுவுக்கு நேர் கீழே ஓடைத் தரையில் ஒரு கம்பு நட்டு, அதில் சிவப்புக் கோடு போட்டோம். பாரத்தில் அடிச்சட்டம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டால் கட்டடம் தோற்றது. சோதனை முடியும்வரை மேலேயும் கீழேயும் ஆள் நடமாட்டம் கூடாது.

அடுக்குவதற்கு மணல் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. அப்பாவிடம் உப்பு கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே லாரியில் அனுப்பினார். அன்று தானும் கூடவே வந்தார். உப்பைப் பார்த்துக்கொள்ள வந்தாரா, என்னையா என்று கேட்கவில்லை.

மூடையெல்லாம் ஏற்றி முடித்தபோது சட்டம் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. கோட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிடலாம் என்று இன்ஜினீயரோடு கரைக்கட்டடத்துக்கு வந்தேன். அப்போது இருட்டிக்கொண்டு வந்தது. பங்குனியில் யாரும் எதிர்பார்க்காத மழை.

ஊரெல்லாம் மழைக்கு ஏங்கும். எங்கள் வீட்டில் மட்டும் மேகத்தைக் கண்டால் முகம் சுருங்கும். முதல் துளி விழுந்ததும் சோற்றுக் கையோடு ஓடி உப்பு அம்பாரத்தை மூடுகிறவர்கள் நாங்கள். அப்பாவும் மூடை ஏற்ற வந்த உப்பளத்து ஆட்களும் அன்று அதைத்தான் செய்தார்கள். லாரியில் கிடந்த பெரிய தார்ப்பாயை மூடைகளின் மேல் விரித்து, ஓரங்களைத் தூக்கிச் சுவர்ச் சட்டங்களில் கட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்த எனக்கும் தப்பாகத் தோன்றவில்லை. மேலே ஆள் ஏறக் கூடாது என்று நாங்களே சொன்னதுகூட நினைவுக்கு வரவில்லை. நல்லவேளை, உப்பு தப்பித்தது என்றுதான் நினைத்தேன். ரத்தத்தில் ஊறிய பழக்கம் அது.

மழை வலுத்தது. இன்ஜினீயர்தான் முதலில் பார்த்தார். "மேடம், கம்பைப் பாருங்க" என்றார். ஒரு சாண் இடைவெளி நான்கு விரலாகச் சுருங்கியிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓரத்தைத் தூக்கிக் கட்டிய தார்ப்பாய் ஒரு தொட்டியாகிவிட்டது. பெய்கிற மழையெல்லாம் நடுப்பாலத்தில் குளமாகத் தேங்குகிறது. மூடைப் பாரத்துக்கு மட்டுமே கணக்குப் போட்ட பாலம், கணக்கில் இல்லாத தண்ணீரையும் சுமந்துகொண்டிருந்தது. ஆட்கள் இறங்கிவிட்டார்கள். அப்பா மட்டும் அந்தக் குளத்தின் ஓரத்தில் நின்று கடைசிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

கத்தினேன். மழையில் அவருக்குக் கேட்கவில்லை. போகாதீங்க, உங்க வெயிட்டும் சேரும் என்று இன்ஜினீயர் என் கையைப் பிடித்தார். அவர் சொன்னதும் சரிதான். ஆனால் அங்கே நிற்பது என் அப்பா. கையை உதறிவிட்டு, சுவர்ச் சட்டத்தை ஒட்டியே நடந்தேன். காலடியில் மரம் முனகியது. அந்தச் சட்டங்கள் ஒவ்வொன்றையும் வரைந்தவள் நான். எது முதலில் முறியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து வைத்திருப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது.

"அப்பா, கயித்த விட்டுட்டு வாங்க."

"செத்த பொறுளா. இந்த ஓரம் நனையுது."

"உப்பு போனாப் போகுது. பாலம் இறங்குதுப்பா."

அவர் கை நின்றது. தேங்கிக் கிடந்த தண்ணீரைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாக்குச் சணல் அறுக்கும் கத்தியை எடுத்து, தன் கையால் கட்டிய தார்ப்பாயை நடுவில் நீளமாகக் கிழித்தார். தண்ணீர் மூடைகளின் மேல் கொட்டி, பலகை இடுக்குகள் வழியே ஓடைக்குள் இரைச்சலோடு இறங்கியது.

அதோடு வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. நடுவில் இருந்த மூடை ஒன்றைப் புரட்டி, சட்டங்களின் இடைவெளி வழியே ஓடையில் தள்ளினார். அடுத்து இன்னொன்று. ஒரு துளி மழைக்கு உப்பைக் காட்டாதவர், தன் உப்பை ஓடும் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். "நீ கரைக்குப் போ" என்றார். போகவில்லை. பயத்தினாலா, அவரைப் பார்த்தா என்று தெரியாமல் அழுதுகொண்டே தள்ளினேன்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. கரையிலிருந்து இன்ஜினீயரின் குரல் கேட்டது.

"ஏறுது மேடம். மேல ஏறுது."

கோட்டுக்கு ஒரு விரல்கடை மிச்சம் இருக்கும்வரை இறங்கித்தான் திரும்பியிருக்கிறது. சட்டங்களின் ஒரு பூட்டுகூட விலகவில்லை. அடுத்த வாரம் மறுபடி சோதித்தோம். அப்பா மறுபடியும் உப்பு அனுப்பினார். "தார்ப்பாய் அனுப்பல" என்று போனில் சொன்னார், அவ்வளவுதான்.

இன்று அந்தக் கூடத்தில் பிள்ளைகள் வரைகிறார்கள், குறையும் சொல்கிறார்கள். கோடை மழை இறங்கி உப்பளக்காரர்கள் தார்ப்பாயைத் தேடி ஓடுகிற நாட்களில், தன் உப்பைத் தானே ஓடையில் தள்ளிய அப்பாதான் எனக்கு நினைவுக்கு வருவார். அந்தக் கட்டடம் நல்லாயிருக்கு என்று அவர் இதுவரை சொன்னதில்லை, நானும் அதற்குப் பிறகு எதிர்பார்த்ததில்லை.