தீவு வண்டு வந்த கட்டில்

கல்முனையில் தளபாடக் கடை வைத்திருக்கும் இஸ்ஸதீன், உள்ளூர் மரத்தைக் கையாலும் தொடமாட்டேன் என்று சொல்லியே பேர் வாங்கியவர். மகளின் கலியாணத்துக்கு அவரிடம் வெளிநாட்டுத் தேக்கென்று கட்டில் வாங்கிய சுபைதீன், ஒருநாள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து கடைவாசலில் இறக்கினார். கட்டில் காலைத் துளைத்துக்கொண்டு, உடம்பைவிட நீண்ட மீசையோடு ஒரு வண்டு வெளியே வந்திருந்தது.

இஸ்ஸதீன் அசரவில்லை. கைப்பேசியில் தேடி, சமுத்திர நடுவில் ஏதோவொரு தனித்தீவில் மட்டும் வாழும் நீள்கொம்பு வண்டின் படத்தைக் காட்டினார்.

"பாருங்க சுபைதீன் காக்கா, உலகத்தில வேற எங்கயும் இல்லாத வண்டு. அப்ப மரம் எங்க இருந்து வந்திருக்கும்?"

சுபைதீனுக்கே பெருமை வந்துவிட்டது. வண்டைப் போத்தலில் போட்டு வைத்தார்கள். ஊர் திரண்டு வந்து பார்த்தது. படம் முகநூலில் பரவியதும் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"வெளிநாட்டுப் பூச்சி பரவினா ஆபத்து. கடையில உள்ள மரமெல்லாத்தையும் எரிக்கணும்."

இஸ்ஸதீன் ஓடிவந்து மரக்குவியலுக்குக் குறுக்கே நின்றார்.

"வல்லாஹி, சத்தியமா சேர், இது மாமரம்! இங்க பக்கத்தில வரிப்பத்தான்சேனையில நானே நிண்டு வெட்டுவிச்சது!"

அதிகாரி போத்தலைத் தூக்கிப் பார்த்தார். "ஓம், இது நம்மட மாமரத்து வண்டுதான்" என்று சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

"அல்ஹம்துலில்லாஹ், கடை தப்பிட்டு" என்றார் இஸ்ஸதீன்.

"கடை தப்பிட்டு" என்றார் பின்னால் நின்ற சுபைதீன். "தேக்கெண்டு சொல்லி வித்த நீங்க தப்பயில்ல."

அன்று பின்னேரமே நிஜத் தேக்குக் கட்டிலொன்று சுபைதீன் வீட்டுக்குப் போனது. இஸ்ஸதீனே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்.