சாதுவான கொலைக் கதைகள்

ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் முப்பது துப்பறியும் நாவல்களிலாவது கடைசிப் பக்கத்தைப் படித்திருப்பேன். கொலைகாரன் யாரென்று தெரியாமல் படித்தது மூன்றே மூன்று. இதைவிடப் பெரிய கொடுமை ஒரு பிள்ளைக்கு நேர முடியாது என்று அப்போது நினைத்தேன். அந்தக் கோபம் இன்னும் என்னிடம் இருக்கிறது. யார் மேல் என்பதுதான் மாறிவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் சித்தி. அம்மாவின் தங்கை. தண்டையார்பேட்டையிலிருந்து ஒரே ஒரு பையோடு எங்கள் காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்து இறங்கினாள். "நாலு நாள் இருந்துட்டுப் போவட்டும்" என்றாள் அம்மா. நாலு நாள் நாலு வாரம் ஆனது. சித்தி வாசல்பக்கம்கூட வர மாட்டாள். கத்திரி வெயிலில், நைட்டிக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்து படித்துக்கொண்டே இருப்பாள். எதற்குச் சட்டை என்று அம்மாவைக் கேட்டேன். "கொசுடி" என்றாள். எங்கள் பக்கத்துக் கொசு எப்படிப்பட்டது என்று தெரிந்தவள்தானே நான், நம்பிவிட்டேன்.

புத்தகம் எடுத்து வரும் வேலை என் தலையில் விழுந்தது. வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து நெடுஞ்சாலையைக் கடந்தால் பாய் நடத்திய வாடகைப் புத்தகக் கடை. சித்திக்கு வேண்டியது, அவள் பாஷையில், 'சாதுவான கொலைக் கதை'. கொலை இருக்கலாம், ரத்தம் கூடாது. ஊர் சின்னதாக, எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்ததாக இருக்க வேண்டும். நடுநடுவே யாராவது டீ குடிக்க வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் ஒன்றும் ஆகக் கூடாது.

முதல் வாரம் சந்தோஷமாகத்தான் போனது. சித்தி வாய்விட்டுப் படிப்பாள், இருவரும் கொலைகாரனை ஊகிப்போம். நான் தோற்றுக்கொண்டே இருந்தேன், அவள் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. எப்படி என்று நச்சரித்ததில் ஒருநாள் ரகசியத்தைச் சொன்னாள். "எல்லாரும் யார நல்லவன் நல்லவன்னு சொல்லிகினே கீறாங்களோ, அவன் மேல ஒரு கண்ணு வையி."

மூன்றாவது புத்தகத்தில் கொலைகாரன் செத்தவளின் கணவன். சித்தி புத்தகத்தை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள். "புருஷன் கொல்ற கதை இன்னிமே வோணாம். கடைசிப் பக்கத்த பாத்துட்டு எடுத்தா."

அன்றோடு என் கதை முடிந்தது. கடையிலேயே நின்று ஒவ்வொரு புத்தகமாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். "இன்னா பாப்பா, கடைசிப் பக்கத்தையே படிச்சிகினு கீற? அப்பால புக்கு இன்னாத்துக்கு?" என்று பாய் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. கணவன் கொலை செய்யாத கதை கிடைப்பது அவ்வளவு கஷ்டம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மூன்று வாரம் பொறுத்தேன். பிறகு பழிவாங்கினேன். அட்டையில் டீக் கோப்பையும் தூங்கும் பூனையும் போட்ட புத்தகம், பார்க்கவே சாது. கடைசிப் பக்கத்தில் கணவன் விலங்கோடு நின்றான். அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, "பாத்துட்டேன் சித்தி, புருஷன் இல்ல" என்றேன்.

மறுநாள் மத்தியானம் படித்து முடித்தாள். "தெரிஞ்சேதான் எடுத்தாந்தியா?"

"ஆமா! உன்னால ஒரு புக்குகூட ஒழுங்கா படிக்க முடியல!" என்று கத்தினேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல அந்தப் பொண்ணு மூணு வாட்டி அம்மா வூட்டுக்கு வர்றா. மூணு வாட்டியும் சமாதானம் சொல்லி திருப்பி அனுப்சுடுறாங்கோ" என்றாள். எனக்கு அது தெரியாது. நான் படித்தது கடைசிப் பக்கம்தானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். கையில் பெரிய ஸ்வீட் பெட்டி, பேச்சில் அவ்வளவு பணிவு. "அவ இல்லாம வூடு வூடாவே இல்லண்ணி" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சித்தி சுவரோரமாக நின்று, "நான் வர்ல" என்றாள். ஒரே தடவைதான் சொன்னாள்.

"தங்கமான மனுஷன். குடி கெடியாது, பீடி கெடியாது. உனக்கு இன்னாடி கொற?" என்றாள் அம்மா. அப்பாவும் தங்கமான மனுஷன் என்றார். காபி குடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொன்னார். கொசு என்று எனக்குச் சொன்ன அதே வாயால் அம்மா எப்படி இதைச் சொன்னாள்? கேட்டால் இன்றைக்கும், "அந்தக் காலத்துல அப்டிதான்" என்கிறாள். எந்தக் காலம்? எங்கள் வீட்டில் செல்போன் வந்துவிட்டிருந்தது, கேபிள் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அப்படிச் சொல்லும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுகிறேன். இருந்தால் என்ன பேசுவேனோ என்று எனக்கே பயம்.

சித்தி சட்டையைக் கழற்றி மடித்துக் கட்டிலில் வைத்தாள். கை சுத்தமாக ஆறியிருந்தது. ஆறட்டும் என்று காத்திருந்துதான் அவர் வந்தாரோ என்னவோ. அதற்கப்புறமும் இரண்டு முறை வந்தாள், இரண்டு முறையும் அனுப்பி வைத்தோம். பிறகு எங்களை நம்பாமல் விம்கோ நகரில் தனியாக வீடு பார்த்துக்கொண்டாள். அவள் உயிரோடு இருப்பதற்கு எங்கள் வீட்டில் யாரும் காரணம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு கிளம்பிச் செருப்பு மாட்டும்போது திரும்பி என்னைப் பார்த்தாள். அம்மாவை அல்ல, என்னை. அவள் சொல்லிக்கொடுத்த விதி அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். நானோ, பூனைப் புத்தகத்துக்காக இன்னும் முறைக்கிறாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு, சித்தப்பா நீட்டிய பெட்டியிலிருந்து இரண்டாவது ஜாங்கிரியை எடுத்துக்கொண்டேன்.

ஆட்டோ போன பிறகு அந்தப் புத்தகம் கட்டிலில் கிடந்தது. இனி எல்லாப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து படிக்கலாம் என்று குதித்தேன். அதை மட்டும் படிக்காமல் பாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொலைகாரன் யாரென்றுதான் எனக்குத் தெரியுமே.