பைரிக்கு அம்மை இல்லை

ஜெயசித்ராவோடு ஒரு ஊருக்கு வேலையாகப் போவதென்றால் முன்பெல்லாம் எனக்கு வேப்பங்காயாகக் கசக்கும். என் பெயர் அரியமுத்து. திருமானூர் பக்கத்துக் கால்நடை மருந்தகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். அவள் ஊர் ஊராகப் போய்க் கோழிகளுக்குத் தடுப்பு மருந்து போடுகிறவள். மகளிர் குழு மூலமாக வந்த வேலை. வந்தோமா, மருந்தைப் போட்டோமா, போனோமா என்று இருக்க மாட்டாள். நான் ஒன்று சொன்னால் ஒன்பது கேட்பாள். கோழி எச்சத்தைக் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது பச்சையா இருக்கு பாத்தீங்களா?" என்று நடுத்தெருவில் நிற்பாள். எனக்கோ அடுத்த தெரு பாக்கி இருக்கும்.

எச்சம் பார்க்கும் பழக்கம் அவளுக்குத் தோஹாவில் வந்தது. கணவன் லாரியில் அடிபட்டு இறந்த வருடம், மகள் அபிநயாவை அம்மாவிடம் விட்டுவிட்டு அங்கே வீட்டு வேலைக்குப் போனாள். அந்த வீட்டு முதலாளிக்கு ஆறு பைரிகள். நம் ஏரிகளுக்குக் குளிர்காலத்தில் வந்து புறாவையும் வாத்தையும் வானத்திலேயே அடித்துத் தூக்கும் அதே பறவைதான். அங்கே அதை வேட்டைக்குப் பழக்குகிறார்கள். பறவைகளுக்குத் தனி ஏசி அறை, தனி பாஸ்போர்ட். "அதுங்க பாஸ்போர்ட் மேசை மேலயே கெடக்கும்ணே. எம் பாஸ்போர்ட்டுதான் மொதலாளி பீரோவுக்குள்ள" என்பாள்.

அந்த அறையைக் கழுவுவது அவள் வேலை. பறவை உட்காரும் கட்டைக்குக் கீழே தினமும் காகிதம் விரித்து, காலையில் எச்சம் விழுந்த காகிதத்தை எடுத்துப் போட வேண்டும். போடுவதற்கு முன்னால் பார்க்கப் பழகினாள். வெள்ளை வெள்ளையாக இருக்க வேண்டும், கருப்பு கருப்பாக இருக்க வேண்டும், பச்சை தெரிந்தால் உள்ளே ஏதோ கோளாறு. பறவை டாக்டர் வரும்போது டார்ச் பிடிப்பதும் அவள்தான். நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தடுப்புச் சவ்வு பறவைக்குக் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு, நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் நம் கையிலேயே உயிர் போய்விடும் என்பதெல்லாம் அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். பதினொரு வருடம் இருந்துவிட்டு வந்தாள்.

போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை, கரைவெட்டி ஏரியை ஒட்டி வயல் வைத்திருக்கும் வெள்ளைச்சாமியின் வரப்பில் ஒரு பைரி பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது. அவர் துண்டைப் போட்டுப் பிடித்துவிட்டு வனத்துறைக்குச் சொன்னார். அன்று மாலையே அவர்கள் வந்து பார்த்தார்கள். காயம் எதுவும் தெரியவில்லை. டாக்டர் பார்த்துத் தேறியதும் ஏரியிலேயே விடலாம், அதுவரை அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை எங்கள் டாக்டர் தமிழ்மாறன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சின்னப் பையன் என்றாலும் வேலையில் கெட்டி. பறவையின் வாயைத் திறந்தால் நாக்கடியில் மஞ்சளாக, திரிந்த பால் கட்டியதைப் போல ஒரு திட்டு. "கோழிக்கு வாய்க்குள்ள வர்ற உள்அம்மை மாதிரி இருக்கு. வேற கிருமி இருக்கான்னு சாம்பிள் பாத்துருவோம்" என்றார். பஞ்சுக் குச்சியால் துடைத்து என்னிடம் கொடுத்தார். நாங்கள் மருந்தகத்துக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. மைக்ராஸ்கோப்பில் டாக்டர் பார்த்தார். கிருமி எதுவும் இல்லை, அம்மைதான் என்று முடிவாயிற்று.

அங்கே வெள்ளைச்சாமி வீட்டில் அதற்குள் வேறு வேலை நடந்துவிட்டது. அம்மை என்ற சொல் அவர் மனைவி பூங்காவனத்தின் காதில் விழுந்ததுதான் தாமதம், பெட்டியைச் சுற்றி வேப்பிலை செருகிவிட்டார். அம்மை கண்ட வீட்டில் கவிச்சி ஆகாதல்லவா? டாக்டர் கொடுக்கச் சொன்ன கோழிக்கறியை நிறுத்திவிட்டு, பைரிக்குத் தயிர்சோறு வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலையில் அந்தத் தெருவுக்குக் கோழி மருந்து போட நானும் ஜெயசித்ராவும் போனபோது அதைத்தான் பார்த்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் பறவையின் வால் ஏறி ஏறி இறங்கியது. வாயருகே முகர்ந்தாள். நெஞ்செலும்பை ஒரு விரலால் தடவினாள்.

"கத்தி மாதிரி துருத்திக்கிட்டு இருக்கு. சதையே இல்ல. எப்பலேர்ந்து கறி குடுக்கல?"

"நேத்துலேர்ந்து" என்றார் வெள்ளைச்சாமி. "அதுக்கு முன்னாடியும் வாயில வாங்கி வாங்கி உதறிடுச்சும்மா."

"அய்யா, இது அம்மை இல்ல. அம்மைன்னா கண்ணோரம், மூக்கு, கால்னு எங்கயாவது கொப்புளம் இருக்கும். இதுக்கு ஒன்னுகூட இல்ல. இந்த வாடை அம்மைக்கு வராது. இது புறா தொண்டையில இருக்குற கிருமி. புறாவ அடிச்சுத் தின்னப்ப ஒட்டிக்கிச்சு. மருந்து இருக்கு. ஆனா இன்னிக்கே குடுக்கணும். மூச்சு விடுற ஓட்ட நாக்கடியிலதான் இருக்கு, இந்தக் கட்டி இன்னும் கொஞ்சம் வளந்தா அடைச்சுக்கும்."

பூங்காவனத்துக்கு முகம் மாறிவிட்டது. ஜெயசித்ராவின் அம்மா காத்தாயி இந்த வீட்டு வயலில் களை பறித்தவள். அந்த வாசலில் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை.

"ஏண்டி, மூணு தண்ணி ஊத்தாம அம்மை கண்ட உசுர வாசப்படி தாண்ட விடுவாங்களா? உங்கம்மா இப்படி எதுத்துப் பேசுனவளா?"

"இல்லம்மா. எங்கம்மா பேச மாட்டாங்க. நான் பேசுறேன். இது அம்மையா இருந்தா நானே வந்து வேப்பிலை அரைச்சுத் தரேன். இப்ப இதை எடுத்துட்டுப் போகணும்."

"வழியில செத்துச்சுன்னா ஃபாரஸ்ட்டுக்கு நானில்ல பதில் சொல்லணும்?" என்றார் வெள்ளைச்சாமி.

"எம் பேரச் சொல்லுங்கய்யா. ஜெயசித்ரா எடுத்துட்டுப் போனா, செத்துச்சுன்னு சொல்லுங்க."

எனக்கு ஆத்திரம் வந்தது. "ஏம்மா, நேத்தே சாம்பிள் பாத்தாச்சு. கிருமி இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நீ டாக்டருக்கு மேலயா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "குச்சிய எதுல எடுத்துட்டுப் போனீங்க?"

எதில் எடுத்துப் போவார்கள்? மருந்து வரும் ஐஸ் பெட்டியில்தான். ரத்தமோ சளியோ எதுவானாலும் ஐஸில் வைப்பதுதான் இருபத்திரண்டு வருடப் பழக்கம். யாரும் சொல்லாமலே கை அதைச் செய்யும்.

"போச்சு. குளுந்துபோனா அந்தக் கிருமி அசையாதுண்ணே. அசைஞ்சாத்தான் கண்ணுக்குத் தெரியும். எடுத்த சூட்டுலயே பாக்கணும்" என்றாள்.

நடுவாசலில் என் தொழிலை எனக்கே சொல்லிக்கொடுக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட, அவள் சொல்வது சரியாக இருந்துவிடுமோ என்ற பயம் பெரிதாக இருந்தது. சரி என்றால், ஒரு நாளைக் கெடுத்தது பூங்காவனத்தின் தயிர்சோறு மட்டும் இல்லை, நானும்தான். வண்டியைக் கிளப்பினேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தாள். வெள்ளைச்சாமி தடுக்கவில்லை. பூங்காவனம் மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

மருந்தகத்தில் டாக்டர் இருந்தார். அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். முகத்தில் லேசாகக் கடுப்பு தெரிந்தது. ஆனாலும் உப்புநீரைச் சூடு பண்ணச் சொன்னார். அவள் தன் பையிலிருந்து ஒரு சின்னக் காலுறையை எடுத்து நுனியை வெட்டி, அலகு மட்டும் வெளியே தெரிய பறவையின் தலையில் மாட்டினாள். கண் மறைந்ததும் அது அடங்கிவிட்டது. இரண்டு கையாலும் சிறகோடு சேர்த்து முதுகுப் பக்கமாக அணைத்துப் பிடித்தாள். நெஞ்சின் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை.

டாக்டர் தொண்டையைத் துடைத்து, வெதுவெதுப்பான சொட்டில் கலக்கி, அப்படியே லென்சுக்குக் கீழே வைத்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு தள்ளி நின்று என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பேரிக்காய் வடிவத்தில் பொடிப்பொடியாக, சுழன்று சுழன்று நீந்திக்கொண்டிருந்தன. நூற்றுக்கணக்கில் இருக்கும்.

டாக்டர் பறவையை எடை போட்டு, மாத்திரையின் அளவைக் கணக்குப் போட்டார். அதற்குள் பறவை வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணற ஆரம்பித்தது.

"கட்டி ஓட்டைய மூடுது சார். எடுத்துடுங்க."

"ரத்தம் வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போச்சுன்னா அப்பவே போயிடும்க்கா. நான் இதுவரைக்கும் செஞ்சதில்ல."

"எடுக்காட்டியும் போயிடும் சார். நான் அசையாமப் புடிச்சுக்குறேன். ஓரமா இளகுனத மட்டும் எடுங்க. மீதிய மருந்து பாத்துக்கும்."

டாக்டர் இடுக்கியை எடுத்தார். அவள் பறவையின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். நான் டார்ச் பிடித்தேன். பயறு அளவுக்கு ஒரு கட்டி முழுதாக வந்தது. ஒரே ஒரு சொட்டு ரத்தம், அதைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டார். பறவை ஒரு மூச்சு இழுத்தது. அடுத்த மூச்சுக்குள் நான் கும்பிடாத சாமியில்லை. அடுத்ததும் வந்தது. மாத்திரைத் துண்டை நாக்குக்கு அப்பால் தள்ளி, கழுத்தை மெல்ல நீவிவிட்டாள்.

மருந்தை டாக்டர் சொன்ன நாள்வரை கொடுத்தோம். முதலில் கறியை அரைத்துக் குழாய் வழியாக. ஆறாம் நாள் அதுவே காடையைக் கிழித்துத் தின்றது. மூன்று வாரம் கழித்து, மாசியில் ஒரு காலை, வனத்துறைக்காரர்கள் முன்னிலையில் ஏரிக்கரையில் விட்டோம். வெள்ளைச்சாமி வந்திருந்தார். பூங்காவனமும் வந்திருந்தார், கையில் ஜெயசித்ராவுக்கென்று ஒரு தூக்குப் பாத்திரத்தில் பணியாரத்தோடு. பறவை தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து, அக்கரை மரங்களுக்கு மேல் ஏறிப் போனது. கூட்டம் கலைந்து டாக்டர், ஜெயசித்ரா, நான் என்று மூன்று பேர்தான் நின்றோம்.

"இவ்வளவு உறுதியா எப்படிக்கா நின்னீங்க? நானே சந்தேகப்பட்டேனே. தோஹாவுல அந்தப் பறவை டாக்டர் சொல்லிக் கொடுத்தாரா?" என்று கேட்டார் தமிழ்மாறன்.

"வைத்தியம் அவர் சொன்னதுதான் சார். இது அவர் சொன்னதில்ல." பணியாரத் தூக்கைக் கரையில் வைத்தாள். "நான் தோஹாவுக்குப் போன மொத வருசம் அங்க ஒரு பைரி கறிய எடுத்து எடுத்து உதறுச்சு. வாயில மஞ்சளா இருந்தத எச்சம் எடுக்கப் போனப்ப நான்தான் மொதல்ல பாத்தேன். பாத்துட்டு, தரை கழுவுற பொம்பள சொன்னா யாரு கேக்கப் போறாங்கன்னு மூணு நாள் சும்மா இருந்துட்டேன். நாலாவது நாள் டாக்டர் வந்து, செத்துக் கெடந்த அதைக் கையில எடுத்தாரு. எங்களையெல்லாம் வரிசையா நிக்க வச்சு, முன்னாடியே யாராச்சும் பாத்தீங்களான்னு கேட்டாரு சார். பாக்கலன்னு சொன்னேன்."