மரத்தக்காளித் தோலுக்காகக் கிளாவரை வரை

படகு விடவும் பாறை பார்க்கவும் கொடைக்கானல் போகிறவர்களுக்கு இந்தப் பதிவில் பெரிதாக ஒன்றும் இல்லை. போன நவம்பரில் நான் மலையேறியது ஒரு வாடையைத் தேடி. மதுரையில் ஒரு சின்ன லேப்பில் செடிகளிலிருந்து நிறம் பிரித்தெடுப்பது என் வேலை. கொடைக்கானலில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கும் மெர்சி அக்காவுக்கு, மரத்தக்காளி என்ற மலைப்பழத்தின் தோலிலிருந்து சிவப்பு எடுத்துக் கொடுத்திருந்தோம். நிறம் பிரமாதம்தான். ஆனால் அவர் போனில், "ஒயிட் சாக்லேட்ல போட்டா அடுப்படி டேஸ்ட் வருதும்மா. கிறிஸ்மஸ் ஆர்டருக்குள்ள சரியாகலன்னா பழைய பாக்கெட் கலருக்கே போயிருவேன்" என்றார்.

அவர் போனால் எனக்குப் பெரிய நஷ்டமில்லை. தோல் அனுப்பும் பாண்டியம்மாள் அக்காவுக்குத்தான் அடி. கொடைக்கானலைத் தாண்டி உள்ள கிளாவரை கிராமத்தில், பூண்டு போடுகிற நிலத்தில் ஒரு பங்கை மரத்தக்காளிக்கு விட்டவர் அவர். இந்த வருடம் தோல் விற்கவில்லை என்றால் மரங்களை வெட்டிவிட்டுப் பூண்டே போடுவதாக அவர் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

எங்கள் வேலை இதுதான். தோல் ஊறிய சாற்றை ஒரு ஸ்டீல் குழாய்க்குள் அழுத்தித் தள்ளுவோம். உள்ளே அடைத்திருக்கும் பொடியில் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு அளவுக்கு ஒட்டிக்கொள்வதால், ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். வாசலில் இருக்கும் டிடெக்டர் அவற்றின் மேல் ஒளி பாய்ச்சி, எது எப்போது வந்தது என்று திரையில் கோடு வரையும். கோடு மேலே ஏறும்போது குப்பியைப் பிடிக்க வேண்டும். பச்சை ஒளியில், அதாவது 520 நானோமீட்டரில், சிவப்பு மட்டும் தனியாக எழுந்து நின்றது. புற ஊதா ஒளியில், 280-இல் பார்த்தபோதுதான் அதன் விலாவில் ஒரு திமில் தெரிந்தது. நிறமே இல்லாத ஏதோ ஒன்று கூடவே வருகிறது. அதை ஒதுக்கினால் சிவப்பிலும் பாதி போய்விடும். லேப்பில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வதை விட ஊருக்கே போய்விடலாம் என்று கிளம்பினேன்.

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர், பேருந்தில் நாலு மணி நேரம். அன்றிரவு அங்கே தங்கினேன். அறை வாடகை 1,200 ரூபாய், வெந்நீருக்கு வாளிக்கணக்கில் தனிக் காசு. அங்கிருந்து கிளாவரை சுமார் 45 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம் வளைந்து வளைந்து. மன்னவனூர் வந்ததும் நடத்துநர், "இதத் தாண்டுனா டவர் கெடைக்காதுங்க. பேசுற சோலி இருந்தா இப்பவே பேசிருங்க" என்றார். எனக்கு யாரிடமும் பேசத் தோன்றவில்லை. மருந்து அடித்திருப்பார்களோ, தண்ணீர் கெட்டிருக்குமோ என்ற யோசனையிலேயே போனேன்.

மருந்து அடிக்கவில்லை. ஊற்றுத் தண்ணீர் சுத்தமாக இருந்தது. பாண்டியம்மாள் அக்கா வீட்டில் கடுங்காப்பி குடிக்க அடுப்படிக்குள் உட்கார்ந்ததும் கண் எரிந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொண்டு மேலே பார்த்தேன். அடுப்புக்கு மேல் பரண் முழுக்கப் பூண்டுக் கட்டுகள். அவற்றின் நட்டநடுவே மூங்கில் தட்டுகளில் நம்முடைய தோல்!

"இங்கயாக்கா காய வைக்கிறீங்க?"

"வேற எங்க தாயி? மழ விட்டபாடில்ல. எங்க பூண்டுக்கே பொகையில காஞ்சாத்தான் வெல. பூண்டத் தள்ளிட்டு ஒங்க தோலுக்கு நல்ல எடமாக் குடுத்திருக்கேன்."

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. வீட்டிலேயே உசத்தியான இடத்தை அவர் எங்களுக்குத் தந்திருக்கிறார், கெடுத்தது அந்த இடம்தான். தோலில் புகை ஏறியிருப்பதை மெல்லச் சொன்னேன். "எனக்கு வாடையே தெரியலையே" என்று தட்டை எடுத்து முகர்ந்தார். தினமும் அந்தப் புகையில் சமைக்கிறவருக்கு எப்படித் தெரியும்? முதலில் பச்சை ஒளியில் மட்டும் பார்த்தபோது எங்கள் டிடெக்டருக்கும் தெரியவில்லையே.

"அப்ப இம்புட்டும் வீணா?"

"இது வீண்தான்க்கா. காய வைக்காமலே ஒரு தடவ பாப்போம்."

மரத்தில் பழம் இன்னும் இருந்தது. இருவரும் பறித்து, தோலுரித்து, எலுமிச்சை உப்புக் கரைத்த தண்ணீர் வாளியில் போட்டு மூடினோம். நிறம் கெடாமல் இருக்க அந்தப் புளிப்பு வேண்டும். "வெரசாக் கெளம்பு தாயி, பஸ் போயிரும்" என்று விரட்டியவர், வாளியை மட்டும் பேருந்து வரை தானே தூக்கி வந்தார்.

மதுரையில் இந்தப் புதுச் சாற்றைக் குழாயில் விட்டு, இரண்டு ஒளியின் கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். 520-இல் அதே சிவப்பு. 280-இல் சிவப்புக்கே உரிய சின்ன மேடு மட்டும் இருந்தது, திமிலைக் காணோம். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். அனுப்பிய புது நிறத்தைச் சாக்லேட்டில் போட்டு ருசி பார்த்த மெர்சி அக்கா, "இப்பதாம்மா சாக்லேட் சாக்லேட்டா இருக்கு, கிறிஸ்மஸுக்கு இதயே அனுப்பு" என்றார்.

போகிறவர்களுக்கு: நல்ல ஸ்வெட்டர் அவசியம். திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மலைப்பூண்டு வாங்கினால் துணிமணியோடு சேர்த்து வைக்காதீர்கள், என் சால்வை இன்னும் மணக்கிறது. இயந்திரத்தை நம்பி வேலை செய்கிறவர்கள் இன்னொரு ஒளியிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

போன வாரம் பாண்டியம்மாள் அக்கா டவர் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிவந்து கூப்பிட்டார். மரத்தை என்ன செய்தீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரருதான் காலையில இருந்து மரத்துக்கிட்ட நிக்காரு தாயி. காய் பாரந் தாங்கலன்னு கெளைக்கெல்லாம் முட்டுக் குடுத்துக்கிட்டு இருக்காரு."