நான் இல்லாத வீட்டின் செலவு

கட்டாரிலிருந்து வேலைக் கடிதம் வந்ததும் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் அங்கே, வலப்பக்கம் இங்கே. ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு கல், எவ்வளவு சீமெந்து போகும், என்ன விலை முடியும் என்று கணக்கிடுவது என் தொழில். மாத்தளையில் ஓர் ஒப்பந்தகாரரிடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பதில் சொல்ல ஒரு வாரம் தந்திருந்தார்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். பலாபத்வலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் பத்து பேர்ச்சஸ் காணி. அதில் இரண்டு அறை வீடு. நாங்கள் இருப்பது அதற்கு மேலே, தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் காம்பராக்களில் ஒன்றில். அம்மா இறப்பர் பால் வெட்டுகிறார். அப்பா மிளகு ஸ்டோரில் தராசடியில் நிற்கிறார். மழைக்கு எங்கள் கூரை ஒழுகும் இடங்கள் எனக்கு மனப்பாடம்: அடுப்புக்கு மேலே ஒன்று, அப்பாவின் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு, என் மேசைக்கு நேர் மேலே ஒன்று.

இடப்பக்கத்தை நிரப்ப விவரம் தந்தவர் பெரியம்மா மகள். அக்கா கட்டாருக்குப் போய் ஏழு வருடம். கட்டில் வாடகை, பஸ், அரிசி, வெங்காயம் என்று கேட்டதற்கெல்லாம் குரல் பதிவாக அனுப்பினார். "முருங்கைக்கீரைய இங்க பூச்செண்டு மாதிரி கட்டி விக்கிறாங்கடி. வாங்குறதில்ல, பாத்துட்டு வந்துருவேன்." வலப்பக்கத்தை, வீட்டுக்குச் சாமான் வாங்கிய கடைத் துண்டுகளிலிருந்து எழுதினேன். அங்கத்தைய சம்பளத்திலிருந்து இடப்பக்கத்தையும், இங்கத்தைய சம்பளத்திலிருந்து வலப்பக்கத்தையும் கழித்துப் பார்த்தேன். போனால் இரண்டே வருடத்தில் வீடு. அப்பா அம்மாவிடமும் அப்படியே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டி மாமா ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்கு மூன்று விதமாகக் காசு எழுதுவார்கள். தோட்டத்தில் வேலை செய்கிற வீட்டுக்கு ஒன்று. கொழும்பில் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அதைவிடக் கூட. வெளிநாட்டு வீட்டுக்கு எல்லாவற்றையும்விடக் கூட. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

"என்னா புள்ள, கட்டாருக்கு போறியாமே?"

"இன்னும் பதிலே அனுப்பல மாமா."

"எப்படியும் போவ. பொறகு வெட்டி எழுத ஏலாதுல்ல, அதான் இப்பவே வெளிநாட்டு கணக்குல போட்டுட்டேன்."

அம்மாவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "பாஸ்போட்டே எடுக்கல. அதுக்குள்ள சாமிக்கு தெரிஞ்சிருச்சா?"

"சாமிக்கு பொறகுதான் தங்கச்சி தெரியும். மொதல்ல பக்கத்து காம்பராவுக்கு தெரியும்."

பால் நிறுக்கிற இடத்தில் அம்மாவேதான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த வருடம் தோட்டத்துக் கணக்கிலேயே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். மாமா முணுமுணுத்துக்கொண்டே வெட்டி எழுதினார்.

அவர் போனதும் தாளை மறுபடி எடுத்தேன். பிழை கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. இடப்பக்கம் என் ஒருத்தியின் செலவு. வலப்பக்கம் மூன்று பேரின் செலவு. நான் விமானம் ஏறியதும் வலப்பக்கம் முழுவதும் அழிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். உண்மையில் குறையப்போவது என் பஸ் காசும் என் பங்குச் சோறும் மட்டும். கூடப்போவது என்னவென்று அக்காவை அழைத்துக் கேட்டேன்.

"நீங்க போனப்பொறகு வீட்டு செலவு கொறைஞ்சிச்சா?"

"கல்யாணத்துக்கு மொய் கூடிச்சு. செத்த வீட்டுக்கு கூடிச்சு. தவணைக்கு ஃபிரிட்ஜ் வந்திச்சு. நான் கட்டத் தொடங்கின வீடு இன்னும் சன்னல் மட்டத்துலதான் நிக்குது."

"முன்னாடியே ஏன்க்கா சொல்லல?"

"நீ கேட்டது வெங்காய வெலடி."

மூன்றாவது பக்கம் ஒன்று போட்டேன்: நான் இல்லாத வீடு. அதையும் கழித்தபோது இரண்டு வருடம் நான்கானது. இங்கேயே இருந்தால் அந்த நான்கு வருடத்தில் எவ்வளவு சேரும் என்று கூட்டிப் பார்த்தேன். காணி விலையைக்கூட எட்டவில்லை. அன்று மாலை இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன்.

"ரெண்டு வருசம்னு சொன்னது பிழை. நாலு."

அப்பா விரல் விட்டுப் பார்த்தார். "நாலுன்னா ஒனக்கு முப்பதாயிரும்."

"இங்க இருந்தாலும் முப்பதாகும்ப்பா."

என் நிபந்தனைகளை வாசித்தேன். வீட்டுக்கு மாதாமாதம் இப்போது தருகிற அதே தொகை. மிச்சம் தனி வங்கிப் புத்தகத்தில். தவணைக்கு எதுவும் வாங்குவதில்லை. கூரை போடும்வரை மொய்யோ திருவிழாக் காசோ ஒரு ரூபாயும் கூட்டுவதில்லை.

"ஊரே என்னைய கஞ்சப்பிசினாரின்னு சொல்லும்," என்றார் அம்மா.

"நாலு வருசம் சொல்லட்டும்மா."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரி. நாலு வருசம் இருந்துர்றேன். அஞ்சாவது வருசம் கேட்டியோ, ஆகாது."

அன்றைக்கே சம்மதம் எழுதி அனுப்பினேன். அந்த வாரமே லயத்தில் ஒரு கல்யாணம். அம்மா உறையை ஒட்டுவதற்கு முன் என்னிடம் திறந்து காட்டினார். வழக்கமான தொகைதான். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு, தலையை நிமிர்த்தி, எனக்கு முன்னால் நடந்தார்.