வீட்டுக்கு ஒரு பாஸ்வேர்ட்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. கல்யாணமான முதல் மாதமே என் மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆபீசில் மட்டும் யாருக்கும் தெரியாது. அங்கே எல்லோருமே பயந்தவர்கள்தான், கிண்டலடித்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

டெல்லி நேரு பிளேஸில் ஒரு பழைய கட்டடத்தின் ஏழாவது மாடியில் எங்கள் ஆபீஸ். சாஃப்ட்வேர் எழுதும் வேலை. காலையில் ஒரு தடவை எல்லோரும் கீழே டீக்கடைக்கு இறங்குவோம். எங்களில் ஒரு டெல்லிக்காரன் போனைப் பார்த்து அன்றைய டெக்னாலஜி செய்திகளைச் சத்தமாகப் படிப்பான். ஒவ்வொரு செய்திக்கும் யாராவது ஒரு நக்கல் அடித்தாக வேண்டும். அதற்கப்புறம்தான் அடுத்த செய்தி. நிலவில் தண்ணீர் இருக்கும் போலிருக்கிறது என்று படிப்பான். "எங்க காலனிக்கு எப்ப வருமாம்?" என்று கேட்பார் டெஸ்டிங் பார்க்கும் மேடம். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், நாக்கில் கத்தி வைத்திருப்பவர். இனிமேல் புரோகிராம் எழுத மனுஷனே வேண்டாம், மெஷினே எழுதிவிடும் என்று படிப்பான். "தப்பு வந்தா திட்டறதுக்கு ஒரு ஆள் வேணுமே, அதுக்காவது நம்மள வெச்சுப்பாங்க" என்பேன் நான். விழுந்து விழுந்து சிரிப்போம். மேலே போனதும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து சத்தம் போடாமல் வேலை தேடும் வெப்சைட்டைத் திறப்போம்.

ஒரு நாள் அவன் படித்தது குரல் பற்றிய செய்தி. ஒருவர் பேசியதில் கொஞ்சம் கிடைத்தால் போதும், மெஷின் அதே குரலில் என்ன வேண்டுமானாலும் பேசுமாம். அப்படிப் பேசி, பிள்ளைக்கு ஆபத்து, அப்பாவுக்கு ஆபத்து என்று பெற்றவர்களையும் பிள்ளைகளையும் ஏமாற்றுகிறார்களாம். "என் ஒரிஜினல் குரலையே என் பொண்டாட்டி நம்பறதில்ல" என்றான் ஒருவன். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்களுக்கு ஒரே பெண், பதினாலு வயசு. மனைவிக்கு வங்கியில் வேலை. கோடை லீவில் பகல் முழுக்கப் பெண் ஜனக்புரி வீட்டில் தனியாகத்தான் இருப்பாள்.

மறுநாளே வீட்டுக்கு ஒரு பாஸ்வேர்ட் போட்டேன். சாதாரண மனுஷனாக இருந்தால் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பான். நான் ஆபீசில் செய்வதையெல்லாம் வீட்டிலும் செய்தேன். மாதா மாதம் பாஸ்வேர்ட் மாற வேண்டும். மூன்று தடவை தப்பாகச் சொன்னால் போனை வைத்துவிட்டு அந்த நம்பரை பிளாக் செய்ய வேண்டும். அதற்கப்புறம் தெரியாத நம்பர் எதையும் எடுக்கக் கூடாது. யார் என்ன சொன்னாலும் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. "ஏன் பா, உங்க குரல் எனக்குத் தெரியாதா?" என்றாள் பெண். "குரல் அப்படியே என்னோடதாத்தான் இருக்கும். குரலை மட்டும் நம்பவே நம்பாதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வார்த்தையைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். மாதத்தின் முதல் ஞாயிறு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு நம்ம ஊர்க் காய் வாங்கப் போவோம். அவளுக்குக் காய்களின் பெயர் பாதி ஹிந்தியில்தான் வரும். அன்றைக்குக் கடையில் எந்தக் காய்க்கு அவளுக்குப் பெயர் தெரியவில்லையோ, அதுதான் அந்த மாதத்துப் பாஸ்வேர்ட். எந்தத் திருடன் வாயிலும் நுழையாது என்று எனக்கு ஒரே பெருமை.

அந்த ஜூன் மாதம் மார்க்கெட்டுக்கு மனைவியும் பெண்ணும் மட்டும்தான் போனார்கள். எனக்கு ஆபீஸ் வேலை, லேப்டாப்பை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. திரும்பி வந்ததும் பெண் பக்கத்தில் வந்து புதுப் பாஸ்வேர்டைச் சொன்னாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டே "அச்சா, அச்சா" என்றேன்.

அதே வாரத்தில் என் போன் கீழே விழுந்து திரை நொறுங்கியது. ஆபீஸ் கட்டடத்தின் கீழேயே இருந்த ரிப்பேர் கடையில் காலையில் கொடுத்துவிட்டு, வழக்கம்போல டீக்கடைக்குப் போனேன். டெல்லிக்காரன் செய்தி படித்தான். ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரிகள் சார்ஜில் இருக்கும்போதே தீப்பிடிக்கின்றனவாம், கம்பெனி திரும்பக் கேட்கிறதாம். "நம்ம சாஃப்ட்வேர் ரிலீஸ் அன்னிக்கே எரியுது. இது இத்தனை நாள் தாங்கியிருக்கே!" என்றார் மேடம். நானும் சிரித்தேன். படத்தைக் காட்டு என்று போனை வாங்கிப் பார்த்தேன். நீலப் பெட்டி, மேலே கறுப்புக் கைப்பிடி. என் ஸ்கூட்டரின் பேட்டரியேதான். ராத்திரி கரண்ட் இல்லாததால், அன்று காலையில்தான் அதை வண்டியிலிருந்து கழற்றி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கதவுக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டுவிட்டு மெட்ரோவில் வந்திருந்தேன்.

டீ கிளாஸை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அதே போனில் பெண்ணுக்கு அடித்தேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அவளுடையது. முன்பு அது என் நம்பர்.

"கண்ணா, அப்பா பேசறேன். பேட்டரி கிட்ட போகாதே. உடனே வீட்டைவிட்டு வெளிய வா."

ரொம்ப நிதானமாகக் கேட்டாள். "பாஸ்வேர்ட் சொல்லுங்க."

"அதெல்லாம் அப்புறம்டா. வெளிய வா முதல்ல!"

"பாஸ்வேர்ட்."

"சுண்டைக்காய்."

"அது போன மாசம். ஒண்ணு ஆச்சு."

கோவைக்காய் என்றேன். இரண்டு என்றாள். அவள் குரல் நடுங்க ஆரம்பித்திருந்தது. கெஞ்சினேன். அழுதேவிட்டேன். ஆபீஸ் நண்பர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு வெட்கமே தோன்றவில்லை. மூன்றாவதாக வாயில் வந்த ஏதோ ஒரு காயைச் சொன்னேன். போன் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தால் போகவில்லை. சொல்லிக்கொடுத்தபடியே பிளாக் செய்துவிட்டாள்.

மேடத்தின் போனிலிருந்து அடித்தேன், எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினேன், பார்க்கவில்லை. ரிப்பேர் கடைக்கு ஓடினால் என் போன் மேஜைமேல் வயிறு திறந்து கிடந்தது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போடலாம் என்றால் என்னுடையது கழற்றவே முடியாத புது மாதிரி சிம். அதை வாங்கிய அன்று ஆபீஸ் முழுக்கப் பெருமையடித்திருந்தேன். மனைவி நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், கேட்டில் நிற்கும் வாட்ச்மேனின் நம்பர் எல்லாமே அந்தப் போனுக்குள்தான். வங்கிக் கிளையின் நம்பரைத் தேடி அடித்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "நீ கிளம்பு, நாங்க விடாம அடிச்சுக்கிட்டே இருக்கோம்" என்றான் டெல்லிக்காரன்.

ஜனக்புரிக்கு ஒரே மெட்ரோ, மாற வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு திறந்து மூடுவதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. கையில் போன் இல்லாததால் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வழியில்லை. எதிரில் ஒரு பெண் போனில் ஏதோ வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். ஒருவேளை ஒன்றுமே ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடனே மூன்றாவது மாடியும், வாசலுக்கு ஒரே கதவும், அந்தக் கதவோரத்துப் பேட்டரியும் கண்முன் வந்தன. தீப்பிடித்தால் அவள் எந்த வழியாக வெளியே வருவாள்? சாமி பெயர்கள் எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

தெருமுனையிலிருந்து பார்த்தேன். புகை இல்லை. படியேறி ஓடிப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே ஏதோ இழுபடும் சத்தம். கதவுத் துவாரத்தில் அவள் கண் தெரிந்தது. வெகுநேரம் பார்த்த பிறகுதான் திறந்தாள்.

அவள் என்ன செய்திருந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. வெளியே வா என்று சொன்னவன் திருடன், அவனுடைய ஆட்கள் மாடிப்படியில் நிற்பார்கள் என்று நினைத்திருக்கிறாள். என் நம்பருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். அம்மா கவுண்டரில் இருந்ததால் எடுக்கவில்லை. அதற்குள் தெரியாத நம்பர்களிலிருந்து கும்பலாகப் போன் வந்துகொண்டே இருந்திருக்கிறது, எல்லாம் என் ஆபீஸ்காரர்கள். பயத்தில் தாழ்ப்பாள் போட்டு, நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, யாரும் தள்ளித் திறந்துவிடாதபடி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கால் பக்கத்திலேயே பேட்டரி சார்ஜாகிக்கொண்டிருந்தது.

சுவிட்சை அணைத்துவிட்டுப் பெட்டியைத் தொட்டேன். கை சுட்டது. ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது. துணியைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்க் கீழே, ஆளில்லாத மைதானத்தின் நடுவில் வைத்துவிட்டு வந்தேன். அது எரியவில்லை.

அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் விறைப்பாகவே நின்றாள். "நான் அவ்வளவு கெஞ்சினேனே கண்ணா, அப்பா குரல்னு உனக்குத் தெரியலையா?" என்றேன்.

"தெரிஞ்சது பா. அப்படியே உங்க குரல். அழறதுகூட உங்கள மாதிரியே இருந்துச்சு. அதனாலதான் ரொம்ப பயமா இருந்துச்சு."

அதற்கப்புறம் பாஸ்வேர்டை எடுத்துவிட்டேன். ஸ்கூட்டரையும் கொடுத்துவிட்டேன். ஆனால் இன்றைக்கும் நான் உள்ளறையிலிருந்து அவளைக் கூப்பிட்டால் பதில் வருவதில்லை. எழுந்து வந்து, வாசற்படியில் நின்று, என் முகத்தைப் பார்த்த பிறகுதான் "என்ன பா" என்கிறாள்.