மாளாவைக் காலி செய்த டிசம்பர்

எனக்கு ஒழுங்குப் பைத்தியம் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மூன்று பேர் இருந்த வீட்டில் அந்தப் பைத்தியம் இல்லாவிட்டால்தான் நிஜமாகவே பைத்தியம் பிடித்திருக்கும். பருப்பு டப்பா ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருப்பேன். செம்பூர் ஆபீஸில் ஃபைல்களை அடுக்குகிற அதே கையால் தாராவி வீட்டில் துணிகளை அடுக்குவேன். அம்மா பார்த்துச் சிரிப்பாள். தம்பிக்குச் சிரிப்பு வராது, என் கை முதலில் போய் விழுவது அவன் சாமான்கள் மேல்தான்.

அவன் சாமான்கள் எல்லாம் மாளாவில் இருந்தன. அறைக்குள்ளேயே தலைக்கு மேல் பலகை போட்டுக் கட்டிய பரணை எங்கள் பக்கம் மாளா என்போம். ஓடாத ஃபேன், உரித்த வயர், என்றாவது ரிப்பேர் செய்யப்போகிற மிக்ஸி, ஒரு சாக்கு நிறைய அவன் சட்டை பேண்ட். மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் சயானில் பஸ்ஸை விட்டு இறங்கி நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். மாளாவிலிருந்து ஒரு மோட்டார் உருண்டு என் அரிசி டப்பாவை நசுக்கிக்கொண்டு கிடந்தது. இது வீடா, பழைய இரும்பும் உடைசலும் வாங்குகிற பங்கார் கடையா என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முப்பது வயதாகியும் ஒரு வேலையில் நிலைக்காதவன் என்றேன், இந்த வீட்டில் இருக்கிற பெரிய பங்கார் நீதான் என்றேன். அவன் ஒரு பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

அம்பர்நாத்தில் ஃபேக்டரி வேலை பார்க்கிற சிநேகிதன் அறையில் இருப்பதாக அம்மாவுக்குப் போன் செய்தான். இரண்டு வாரம் பேசினான். பிறகு போன் பந்த். நான் அம்பர்நாத்துக்குப் போய்க் கேட்டேன். யாரோ ஒரு கான்ட்ராக்டரோடு குஜராத் பக்கம் போனான், ஊர் பேர் சொல்லவில்லை என்றான் சிநேகிதன். போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். மழை நின்றது, தீபாவளி வெடிச் சத்தமும் ஓய்ந்தது, டிசம்பர் வந்தது. அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அம்மா ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கே இருந்தாலும் அவன் கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவான் என்றாள். குழாயடியில் சொன்னாள், கோயிலில் சொன்னாள், காய்கறி விற்கிறவளிடம் ஹிந்தியில் சொன்னாள். அதைச் சொல்லிக்கொண்டுதான் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள். அது பொய்த்துப்போனால் அவளை என்ன செய்வது என்று எனக்குப் பயமாக இருந்தது.

வருஷா வருஷம் எங்கள் வாசலுக்கு ஸ்டார் செய்வது தம்பிதான். கடையில் மடக்கி விற்கிற ஸ்டாரை வாங்கிவிடலாம் என்று நான் சொன்னதற்கு அம்மா சம்மதிக்கவில்லை.

“கடை ஸ்டாரு எல்லா வீட்லயுந்தான் தொங்கும். அவன் செஞ்ச மாதிரி நாமளே செய்வோம்ட்டி. சந்து திரும்பும்போதே அவன் கண்ணுல படணும்.”

ஸ்டாருக்கு முன்னால் வீடு சுத்தமாக வேண்டும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். இது என் ராஜ்ஜியம். ஒரு வருஷம் கை படாத சாமான் வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லித்தருகிற வீடியோக்களை ரயிலில் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு வேகம் ஏறியிருந்தது. அம்மா கடைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை மாளாவில் ஏறினேன். உடைசல்களைப் பங்கார்க்காரனிடம் போட்டேன். துணிச் சாக்கு மிச்சம். எங்கள் சபையில் பண்டிகைக்கு முன்னால் பெண்கள் சங்கத்தார் ஏழைகளுக்காகப் பழைய துணி வாங்குவார்கள். சாக்கை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். இடம் வேண்டும் என்பது ஒரு காரணம். அவன் மேல் இருந்த கோபம் இன்னொன்று. வருகிறவன் புதிதாக வாங்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

என் புத்தி எங்கே போயிற்று என்று இன்றும் தெரியவில்லை. எங்கள் சபையில் வீட்டில் யாராவது இறந்துபோனால், அடுத்து வருகிற கிறிஸ்துமஸுக்குள் அவர்கள் துணியை மொத்தமாகக் கொடுத்துவிடுவது வழக்கம். அப்பா இறந்த வருஷம் நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். துணி வாங்கிக்கொண்ட அக்கா சாக்கின் வாயைப் பிரித்து, மேலே இருந்த கட்டம் போட்ட சட்டையைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. பண்டிகை நேரத்துப் பாசம் என்று எடுத்துக்கொண்டு, வேலை முடிந்த நிம்மதியில் வீட்டுக்கு வந்தேன்.

அம்மா திரும்பி வந்து மாளாவை அண்ணாந்து பார்த்தாள். துணியைச் சபையில் கொடுத்துவிட்டேன், நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஸ்டார் ஒட்ட மைதாப் பசை காய்ச்சப் போனாள்.

ஸ்டார் செய்ய நான்கு சாயங்காலம் பிடித்தது. மாஹிமில் கூடை முடைகிறவர்களிடம் மூங்கில் பிளாச்சு வாங்கினேன், பட்டக் கடையில் சிவப்பும் மஞ்சளும் காகிதம் வாங்கினேன். ஐந்து முனைக்கு இரண்டு சட்டம் கட்டி, முனையோடு முனை சேர்த்து, நடுவில் குச்சி கொடுத்து வயிறு உப்ப வைக்க வேண்டும். தம்பி பேசிக்கொண்டே கட்டிவிடுவான். நாங்கள் கட்டியது ஒரு கால் சூம்பினதுபோல் கோணிக்கொண்டு நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. அந்த நான்கு நாளும் அவள் பேச்சே குறைந்துவிட்டதை நான் கவனித்தேன். பிள்ளையை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று விட்டுவிட்டேன். அவன் வந்துவிடுவான் என்று அவள் சொல்வது எந்த நாளோடு நின்றது என்பதைத்தான் கவனிக்கவில்லை.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால், விளக்கு வைத்த சற்று நேரத்தில், கேரல் பாடுகிறவர்கள் எங்கள் சந்துக்குள் வந்தார்கள். டிரம் சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் அதிர்ந்தது. எங்கள் வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எங்கள் சபை உபதேசியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கோணல் ஸ்டாரின் சிவப்பு வெளிச்சம் தரையில் விழ, கண்ணை மூடினார்.

“மகனப் பறிகொடுத்துட்டு நிக்கிற இந்தத் தாயார நீரே தேத்தும், ஆண்டவரே.”

கண்ணை மூடி ஜெபிக்கிறவரை எப்படித் தடுப்பது? துணிச் சாக்கு எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா கத்துவாள், விழுந்துவிடுவாள் என்று அவளைப் பிடிக்க நகர்ந்தேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நின்றாள். ஜெபம் முடிந்ததும் முதலில் ஆமென் சொன்னது அவள்தான். டிரம் இல்லாமல் ஒரு பாட்டுப் பாடினார்கள். அம்மா எல்லோருக்கும் முறுக்கும் கேக்கும் கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“எப்பம்ட்டி ஒனக்குத் தெரிஞ்சுது?” என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

“துணியக் கொண்டு குடுக்கதுக்கு முன்னாலயே தெரியும், என்னா? நான் தாங்க மாட்டேன்னுதான் சொல்லல. நீயா சொல்லுவன்னு நானும் கேக்கல.”

ஒரு தகவலும் வரவில்லை என்றேன். இடத்துக்காகத்தான் கொடுத்தேன் என்றேன். வேதப் புத்தகத்தின் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்தேன். சொல்லும்போதே என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. மாளாவில் ஒரு சாக்கு வைக்கிற இடத்துக்காக, உயிரோடு இருக்கிற தம்பியின் துணியை எந்த அக்கா தூக்கிக் கொடுப்பாள்? அம்மா என் தலையைத் தடவிவிட்டு, சரி, சாப்பிடு என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று டிசம்பர் போய்விட்டது. உபதேசியாரிடம் உண்மையைச் சொன்னேன், சபையாருக்கும் சொன்னேன். நம்பியவர்கள் நம்பினார்கள். அம்மா நம்பவில்லை. நான் சும்மா உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நீ ஒருத்தியாக எவ்வளவுதான் மனசுக்குள் வைத்துக்கொள்வாய் என்று என்னைத் தேற்றுகிறாள். அவனை நினைத்து அழுது முடித்துவிட்டாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். எனக்குத்தான் எதுவும் தெரியாது. அவனை விரட்டியவள் நான், இந்த வீட்டில் அவன் வருவான் என்று இன்னும் காத்துக்கொண்டிருப்பவளும் நான் ஒருத்திதான்.